பச்சை பிஸ்கட் பழுப்பானது ஏன்?



பொங்கல் விடுமுறை முடிந்து நான் ஒரு டப்பாவில் பிஸ்கட் கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்து "மருதாணி பிஸ்கட்" என்று ஒருத்தி சொன்னாள். "இல்லடி, வரட்டி" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. ஏனென்றால் அது பச்சையாக இருக்க வேண்டிய பிஸ்கட். அது ஏன் வரட்டி நிறமாக மாறியது என்று எனக்கு அன்று தெரியாது. இப்போது தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

டப்பா வந்த கதை

என் சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிறார். அங்கே கார் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஜப்பான்காரர்கள் தங்குகிறார்கள். அதில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, "உங்க வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாராம். அதைச் சித்தப்பா பொங்கலுக்குக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைப் பொடி. மொத்தமே 30 கிராம்தான். டீஸ்பூனால் தலைதட்டி அளந்து பார்த்தேன், 15 ஸ்பூன் இருந்தது. அதன் பெயர் மாட்சா.

அம்மா பார்த்துவிட்டு, "என்ன இது, கோலப்பொடியா?" என்று கேட்டாங்க. அப்பாயி மட்டும் டப்பாவை வாங்கி மூக்குக்கிட்ட வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இது தேயிலைடா" என்று சித்தப்பாவிடம் சொன்னாங்க. சித்தப்பா அசந்துவிட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னாங்க. "வெயில்ல நிக்கிற கொழுந்து இந்த நெறம் வராது. சில்வர் ஓக் மரத்தடியில நிக்கிற செடியிலதான் இப்படி கரும்பச்சையா இருக்கும்."

என் அப்பாயி இலங்கையில் பிறந்தவங்க. 1964-இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தின்படி, 1972-இல் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தாங்க. அப்போது வயது 17. 1973 முதல் 2013 வரை 40 வருஷம் கொழுந்து எடுத்திருக்காங்க. ஆனால் எங்கள் வீட்டில் என்றைக்கும் டஸ்ட் டீதான். "நல்ல தூளு எங்க போகும்னு எங்களுக்கு என்ன தெரியும், கூடையை எடை போட்டா எங்க வேலை முடிஞ்சுது" என்று சொல்வாங்க.

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். இந்தப் பொடியில் பிஸ்கட் செய்து முதலில் அப்பாயிக்குத் தரவேண்டும். அப்பாயிக்குப் பல் கம்மி, முறுக்கு எல்லாம் முடியாது. வாயில் போட்டால் கரைகிற மாதிரி பிஸ்கட்தான் சரி.

மாட்சா என்றால் என்ன?

மாட்சாவும் நம் தோட்டத்துத் தேயிலையும் ஒரே இனச் செடிதான். செடி வேறு இல்லை, வளர்க்கிற விதமும் பக்குவம் செய்கிற விதமும்தான் வேறு.

ஜப்பானில் கியோட்டோ பக்கம் ஊஜி என்ற ஊர் மாட்சாவுக்குப் பேர் போனது. ஐச்சி மாநிலத்தில் நிஷியோ என்ற ஊரிலும் செய்கிறார்கள். அங்கே மே மாதம்தான் முதல் கொழுந்து எடுப்பு. அதற்கு சுமார் 20 நாள் முன்பே செடிகள் மேல் பந்தல் போட்டு மூடி விடுவார்களாம். முன்காலத்தில் நாணல் தட்டியும் வைக்கோலும் போட்டார்கள், இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை போடுகிறார்கள். வெளிச்சம் குறைந்தால் செடி என்ன செய்யும்? கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிப்பதற்காக இலையில் பச்சையத்தை அதிகமாக்கும். அதனால் இலை கரும்பச்சையாகிறது. கசப்பும் துவர்ப்பும் குறைந்து ருசி கூடுகிறது. அப்பாயி சொன்ன மரத்தடிக் கொழுந்து விஷயம் இதுதான்! இதைப் படித்துச் சொன்னபோது அப்பாயி, "நான் சொன்னதைத்தான புஸ்தகத்துல போட்டிருக்கான்" என்றாங்க.

பறித்த இலையை அவர்கள் உடனே ஆவியில் அவிக்கிறார்கள். நம் ஊர் பேக்டரியில் அப்படி இல்லை. கொழுந்தை வாட்டி, மெஷினில் அரைத்து, காற்றுப் பட வைத்து, அப்புறம்தான் டிரையரில் காய வைப்பார்கள். காற்றுப் படும்போது இலை செம்பு நிறமாகி, கடைசியில் கறுப்பாகிறது. நறுக்கின வாழைக்காய் கறுத்துப் போகிறதே, அதே வேலைதான். இலைக்குள் இருக்கும் நொதிகள் அதைச் செய்கின்றன. ஆவி பட்டால் நொதி செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும்.

பிறகு காய வைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கிவிட்டு, கல் இயந்திரத்தில் மாவாக அரைக்கிறார்கள். நம் வீட்டுத் திரிகை மாதிரி வட்டக் கல். ஒரு கல் ஒரு மணி நேரம் சுற்றினால் சுமார் 40 கிராம்தான் கிடைக்குமாம். வேகமாகச் சுற்றினால் கல் சூடாகிவிடும், சூட்டில் நிறமும் வாசமும் கெட்டுவிடும். இந்த வரியை நான் முதலிலேயே கவனித்துப் படித்திருந்தால் வரட்டி வந்திருக்காது!

முதல் தடவை

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அதனால் குக்கரில் செய்யலாம் என்று நினைத்தேன். முன்பு ஒருதடவை சித்தி வீட்டில் நான்கட்டாய் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் தயிரும் ஆப்பசோடாவும் போட்டாங்க. நானும் தயிர் ஊற்றினேன். பொடி நிறையப் போட்டால் நல்ல பச்சை வரும் என்று 4 ஸ்பூன் போட்டேன். சீக்கிரம் வேகட்டும் என்று இட்லித் தட்டில் மூன்று அடுக்காக வைத்து, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டேன்.

கீழ்த் தட்டு கருகியது. மேல் தட்டு வேகவில்லை. நடுத் தட்டு மட்டும் வெந்தது, ஆனால் பழுப்பு நிறம், கசப்போ கசப்பு. அதில் தேறியதைத்தான் நான் பள்ளிக்குக் கொண்டு வந்தேன். 100 கிராம் வெண்ணெய் வீணாகிவிட்டது. சிலிண்டரைப் பார்த்துப் பார்த்து எரிக்கிற அம்மா, "இனிமே அடுப்புப் பக்கம் வந்தே..." என்று திட்டினாங்க.

அப்பாயி ஒன்றை வாங்கிக் கொண்டு, "பரவால்ல புள்ள, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாங்க. மறுநாள் காலை பார்த்தால் அந்த பிஸ்கட் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கோழி கூட அதைக் கொத்தவில்லை. என்னை வருத்தப்பட வைக்கக் கூடாது என்றுதான் அப்பாயி பொய் சொல்லியிருக்காங்க. நீங்கள் சிரித்ததை விட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

பச்சையம் ஏன் போகிறது?

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் என்னிடமே ஒரு கேள்வி கேட்டாங்க: "உங்க அம்மா கீரையை மூடி வேக வைப்பாங்களா, திறந்து வேக வைப்பாங்களா?" திறந்துதான் என்றேன். "ஏன்?" என்றாங்க. மூடினால் நிறம் போய்விடும். "அதுக்குள்ளதான் உன் பதில் இருக்கு" என்று சொல்லி விளக்கினாங்க. நான் புரிந்து கொண்டதை எழுதுகிறேன்.

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் இருக்கிறது. பச்சை நிறம் நிற்பதற்கு அது வேண்டும். புளிப்பான பொருள், அதாவது அமிலம், சூட்டோடு சேர்ந்து வரும்போது மக்னீசியம் கழன்று வெளியே போய், அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்து கொள்கிறது. உடனே நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாகிவிடுகிறது. கீரையிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு. திறந்து வைத்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மூடினால் மறுபடி பாத்திரத்துக்குள்ளேயே விழும். பீன்ஸை முதலிலேயே புளித் தண்ணீரில் போட்டு வேக வைத்தால் காக்கி நிறமாவதும் இதனால்தான்.

நான் செய்ததை நினைத்துப் பாருங்கள். தயிர் ஊற்றினேன், அது அமிலம். அடுப்பைப் பெரிதாக வைத்தேன், அது சூடு. போதாததற்கு டப்பாவை அடுப்பு மேடையிலேயே மூடி சரியாக மூடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். வெளிச்சமும் காற்றும் பட்டாலும் மாட்சாவின் பச்சை மங்கும். ஆக,

பச்சைக்கு எதிரிகள்: 1. சூடு 2. புளிப்பு 3. வெளிச்சமும் காற்றும்.

மூன்று பேரையும் நானே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்!

இரண்டாம் தடவை

அம்மாவிடம் கெஞ்சி, என் உண்டியல் காசில் வெண்ணெய் வாங்கினேன். இந்தத் தடவை தயிர் இல்லை, 3 ஸ்பூன் பொடி, சின்னத் தீ. 20 நிமிஷத்தில் திறந்து பார்த்தேன், பச்சையாக இருந்தது. ஆனால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. வேகவில்லை என்று நினைத்து மறுபடி 15 நிமிஷம் வைத்துவிட்டேன். அவ்வளவுதான், மேலே பழுப்பாகி, ஆறியதும் கல் மாதிரி ஆகிவிட்டது. தம்பி அதை வைத்துக் கேரம் விளையாடினான்.

பிறகுதான் புரிந்தது. சூடாக இருக்கும்போது வெண்ணெய் உருகி இருக்கும், அதனால் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால் தானாக இறுகும். மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

டப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா வந்த அன்று எல்லோருக்கும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தது 4 ஸ்பூன், முதல் தடவை 4, இரண்டாம் தடவை 3. மீதி 4 ஸ்பூன்தான். இனி ஒரு தப்பு செய்தால் தாங்காது.

சரியான செய்முறை

தேவையான பொருட்கள்:
மைதா – 150 கிராம்
வெண்ணெய் – 100 கிராம்
சர்க்கரை – 60 கிராம் (மிக்சியில் பொடித்தது)
மாட்சா – 2 டீஸ்பூன் (தலைதட்டி)
உப்பு – 1 சிட்டிகை
ஆப்பசோடா – 1 சிட்டிகை மட்டும்
பால் – தேவைப்பட்டால் 1 ஸ்பூன்

1. மைதா, மாட்சா, உப்பு, சோடா எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு தடவை சலிக்கவும். மாட்சா சின்னச் சின்னக் கட்டியாக இருக்கும், சலிக்காவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

2. வெண்ணெயையும் சர்க்கரைப் பொடியையும் மரக் கரண்டியால் வெளுத்து வரும்வரை குழைக்கவும்.

3. அதில் மாவைப் போட்டு விரல் நுனியால் சேர்த்துப் பிடிக்கவும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது. பிசைந்தால் மாவு இழுவை கொடுத்து பிஸ்கட் கடினமாகும். சேரவில்லை என்றால் மட்டும் பால் தெளிக்கவும்.

4. அரை மணி நேரம் குளிர்ச்சியான இடத்தில் மூடி வைக்கவும். நம் ஊர் தை மாதக் குளிருக்கு பிரிட்ஜ் வேண்டாம், சன்னல் ஓரமே போதும்.

5. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு உருண்டை பிடித்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டவும். சுமார் 20 பிஸ்கட் வரும்.

6. பழைய குக்கரில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைக்கவும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மூடி வைத்து மிதமான தீயில் 15 நிமிஷம் சூடாக்கவும்.

7. வெண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் 7 பிஸ்கட்டை இடைவெளி விட்டு அடுக்கி, இடுக்கியால் பிடித்து உள்ளே வைத்து, தீயை நன்றாகக் குறைக்கவும். 18 முதல் 20 நிமிஷம். ஓரம் லேசாக நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிடவும்.

8. தட்டிலேயே ஆற விடவும். சூட்டில் கை வைத்தால் உடைந்துவிடும்.

கவனம்: குக்கரும் உப்பும் ரொம்ப நேரம் சூடாக இருக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். உப்பை ஆறிய பிறகு ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த தடவையும் இதற்கே பயன்படுத்தலாம்.

சோடா எதற்கு? அது புளிப்புக்கு எதிரான காரம். பச்சையைக் காக்க உதவுகிறது. ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் சோப்பு மாதிரி ருசி வரும், பிஸ்கட்டும் சீக்கிரம் சிவந்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தாலும் டப்பாவில் இருந்த அதே பச்சை வராது. கொஞ்சம் மங்கி, இளம் பாசி நிறம்தான் வரும். சூடு பட்டால் அவ்வளவுதான் நிற்கும்.

மாட்சா கிடைக்காவிட்டால்?

நம் நீலகிரியிலேயே கிரீன் டீ செய்கிறார்கள். அதை மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்துப் போடலாம். ஆனால் அது மாட்சா ஆகாது. நிழல் பந்தல் இல்லாததால் பச்சை குறைவு, துவர்ப்பு அதிகம், மாவும் நறநறவென்று இருக்கும். அதனால் ஒரு ஸ்பூன் போதும். இன்னொரு விஷயம், நாம் டீ குடிக்கும்போது சாறைக் குடித்துவிட்டு இலையை எறிகிறோம். இதில் இலையையே சாப்பிடுகிறோம். அதனால் காபீன் முழுசாக உள்ளே போகும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தராதீர்கள், ராத்திரி தூங்க மாட்டார்கள். என் தம்பியே சாட்சி.

உங்களுக்குத் தெரியுமா?

* எய்சாய் என்ற புத்தத் துறவி 1191-இல் சீனாவிலிருந்து ஜப்பான் திரும்பும்போது தேயிலை விதை கொண்டு வந்தார். பொடித்த தேயிலையைக் கலக்கிக் குடிக்கும் பழக்கத்தைப் பரப்பியவரும் அவரே.

* ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு எளிமையான வடிவம் கொடுத்த சென் நோ ரிக்யூ 1522 முதல் 1591 வரை வாழ்ந்தவர்.

* 'மாட்சா'வில் உள்ள 'சா' என்றால் தேயிலை. நம் ஊர்க் கடையில் கேட்கும் 'சாயா'விலும் அதே 'சா'தான். 'தேயிலை'யில் உள்ள 'தே'யும் சீனச் சொல்தான், ஆனால் சீனாவில் வேறு பகுதியின் பேச்சு.

மூன்றாம் தடவை

போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன். முதல் தட்டை எடுத்ததும் பச்சையாக இருந்தது. ஆறும்வரை அதையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அப்பாயியிடம் ஒன்று கொடுத்தேன். "அப்பாயி, பொய் சொல்லக்கூடாது" என்று சொன்னேன். அப்பாயிக்குப் புரிந்துவிட்டது, கோழிக் கூண்டுப் பக்கம் பார்த்துச் சிரித்தாங்க. வழக்கம் போல தேத்தண்ணியில் முக்கப் போனாங்க. பிறகு என்ன நினைத்தாங்களோ, முக்காமல் ஒரு ஓரத்தைக் கடித்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்றாங்க.

"முதல்ல லேசா கசக்குது. அப்புறம் இனிக்குது. கடைசில வாசம் வருது பாரு, அது காலைல பனியோட மொத கொழுந்து கிள்ளும்போது விரல்ல வர்ற வாசம்" என்று சொன்னாங்க. தன் விரல்களை மூக்குக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தாங்க. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆள்காட்டி விரலில் கறை கோடு மாதிரி இருக்கிறது.

பிறகு இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாங்க. அவை அவங்களுக்கு இல்லை. பக்கத்து நிரையில் கூடவே கொழுந்து எடுத்த மேல் லைன் பாட்டிக்கு. முந்தானையில் முடிந்து கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாங்க. "எங்க கெளம்பிட்ட?" என்று அப்பா கேட்டதற்கு, "நாங்க எடுத்த கொழுந்து எப்படி இருக்கும்னு அவளும் பாக்கட்டும்" என்று பதில் சொன்னாங்க. அது ஜப்பான் கொழுந்து என்று நான் திருத்தவில்லை. ஒரே இனச் செடிதானே.

நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கொழுந்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மரத்தடிக் கொழுந்து ஏன் கரும்பச்சை என்று இன்றைக்கே அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அறிவியல் புத்தகத்தில் இருக்கிறதில் கொஞ்சம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

டப்பாவில் இன்னும் 2 ஸ்பூன் மீதி இருக்கிறது. இறுக மூடி, காகிதம் சுற்றி, வெளிச்சம் படாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன். வரட்டி என்று சொன்ன தோழிக்கும், மருதாணி என்று சொன்ன தோழிக்கும் அடுத்த தடவை ஆளுக்கு ஒன்று உண்டு!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி